நான்கு தூணும் பாடம், புரோகிராம் மட்டும் வரவில்லை

பரந்தன் பக்கத்தில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார்: "அண்ணா, ஏ.எல். படிக்கும்போது ஐ.சி.ரி. பாடத்தில் பைதன் படித்தேன். லூப், ஃபங்ஷன், லிஸ்ட் எல்லாம் வரும். பொருள்நோக்குச் செய்நிரலாக்கத்தின் நான்கு தூண்களும் பாடம். ஆனால் கிளாஸ் வைத்து ஏதாவது எழுதப் போனால் கை ஓடவில்லை. கடைகளுக்கு டெஸ்க்டொப் மென்பொருளும் செய்ய ஆசை, வெப்பும் செய்ய ஆசை. ஜாவா படிக்கவா, சி ஷார்ப் படிக்கவா? லப்டொப்பில் ராம் 4 ஜிபிதான். எங்கே தொடங்குவது?"

மொழிக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைப்போம், தங்கச்சி. கை ஓடாததற்கு மொழி காரணம் இல்லை. 'விலங்கு' என்று ஒரு கிளாஸ் (ஒரு வகைப் பொருளின் தரவையும் அது செய்யும் வேலைகளையும் சேர்த்து எழுதும் அச்சு), அதன் கீழே 'நாய்', 'பூனை'. நாய் குரைக்கும், பூனை கத்தும். இப்படித்தானே படித்திருப்பீர்கள்? நானும் அப்படித்தான் படித்தேன். பரீட்சைக்குப் போதும். ஆனால் கிளிநொச்சியில் எந்த முதலாளியும் நாய் குரைக்கிற மென்பொருள் கேட்டு வருவதில்லை. வருகிறவர் கேட்பது, "இந்தப் போகம் ஆரிட்ட எவ்வளவு நெல்லு வாங்கினான், ஆருக்கு எவ்வளவு குடுக்கக் கிடக்கு?" என்பதைத்தான்.

நான் பட்ட பாட்டைச் சொன்னால் விளங்கும். வேலை பழகிய புதிதில் வன்னியில் ஒரு அரிசி ஆலைக்கு விண்டோஸ் மென்பொருள் செய்து கொடுத்தேன். கொள்வனவு ஜன்னலில் 'சேமி' என்று ஒரு பட்டன். வடிவமைக்கும் இடத்தில் அந்தப் பட்டனை இரண்டு தரம் தட்டினால் அதற்கான கோட் எழுதுகிற இடம் திறக்கும். அதற்குள்ளேயே எல்லாவற்றையும் எழுதினேன். நிறையை எடு, ஈரப்பதத்துக்குக் கழி, விலையால் பெருக்கு, முன்பு கொடுத்த முற்பணத்தைக் கழி, தரவுத்தளத்தில் எழுது, ரசீதை அச்சிடு. ஒரு பட்டனுக்குள் முந்நூறு வரி. வேலை செய்தது, காசும் தந்தார்கள்.

அடுத்த காலபோகத்தில் முதலாளி ஈரப்பதக் கழிவை மாற்றச் சொன்னார். அந்தக் கணக்கு மூன்று இடத்தில் கிடந்தது: கொள்வனவு ஜன்னலில், பழைய ரசீதைத் திரும்ப அச்சிடுகிற இடத்தில், மாத அறிக்கையில். இரண்டை மாற்றினேன், மூன்றாவதை மறந்தேன். மாத அறிக்கையும் காசுப் பெட்டியும் ஒத்து வராமல் அங்கிருந்த கணக்குப்பிள்ளை ஐயா ஒரு கிழமை என்னைத் தேடித் திரிந்தார். பிழை முழுக்க என்னுடையது. அதைச் சரிபண்ணி மூச்சு விடும்போது முதலாளி அடுத்ததைக் கேட்டார்: "தம்பி, நான் கொழும்பில நிக்கேக்க இதை ஃபோனில பாக்க ஏலாதோ?" வெப்பில் அந்த ஜன்னலும் இல்லை, அந்தப் பட்டனும் இல்லை. கணக்கு முழுவதும் பட்டனுக்குள் மாட்டிக் கிடந்தது. முந்நூறு வரியையும் பிரித்துத் திரும்ப எழுத எனக்கு இரண்டு மாதம் போனது.

உங்கள் கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது. டெஸ்க்டொப்பையும் வெப்பையும் இரண்டு படிப்பாக நினைக்காதீர்கள். நெல்லுக் கணக்கு ஒன்று, அதைக் காட்டும் முகங்கள் இரண்டு. கணக்கை முகத்தில் இருந்து பிரித்து, தன் காலில் நிற்க வைக்கப் பழகுங்கள். கிளாஸ் அதற்கான கருவி. மற்றதெல்லாம் பிறகு வரும்.

கிளாஸ் என்ற எண்ணம் பிறந்த விதமும் இதற்குக் கிட்டத்தட்டத்தான் இருக்கிறது. 1960களில் ஒஸ்லோவில் உள்ள நோர்வே கணினி மையத்தில் ஒலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்ற இருவர் சிமியூலா என்ற மொழியைச் செய்தார்கள். வரிசைகள், காத்திருப்புகள் போன்ற நிசமான உலக நடப்புகளைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பது அவர்கள் நோக்கம். 1967இல் வந்த வடிவத்தில் கிளாஸ், அந்த அச்சில் இருந்து உருவாகும் ஒப்ஜெக்ட் (பொருள்), ஒரு கிளாஸின் கீழே இன்னொன்றைப் பெற்றெடுக்கும் மரபுரிமை மூன்றும் இருந்தன. கணினித் துறையின் பெரிய விருதான டூரிங் விருது 2001ஆம் ஆண்டுக்கு இருவருக்கும் கிடைத்தது. அறுவடை நேரம் ஆலை வாசலில் உழவு இயந்திரப் பெட்டிகள் மூடைகளோடு வரிசையில் நிற்கும்போது, அந்த நோர்வேக்காரர் இதைப் பார்த்திருந்தால் உடனே ஒரு கிளாஸ் எழுதியிருப்பார்கள் என்று நான் நினைப்பதுண்டு. 'பொருள்நோக்கு' என்ற பெயரை வைத்த அலன் கே என்பவர் 1970களில் ஸெரொக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஸ்மோல்டோக் மொழியில் வேலை செய்தவர். அந்தப் பெயரை வைத்ததற்காகப் பின்னாளில் அவரே வருந்தினார். எல்லாரும் பொருளையே பார்க்கிறார்கள், பொருள்களுக்கு இடையில் போய்வரும் செய்திதான் பெரிய விஷயம் என்பது அவர் குறை. எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. 'என்னென்ன கிளாஸ் வேண்டும்?' என்று யோசித்தால் கை நிற்கும். 'எதை யாரிடம் கேட்க வேண்டும்?' என்று யோசித்தால் கை ஓடும்.

இப்போது ஒரு கொப்பியை எடுங்கள். கணினி வேண்டாம். ஆலைக்கு ஒரு கமக்காரர் நெல்லோடு வருகிறார். நிறுக்கிறார்கள், ஈரம் பார்க்கிறார்கள், விலை பேசுகிறார்கள், முற்பணம் இருந்தால் கழிக்கிறார்கள், மிச்சத்தைக் கொடுக்கிறார்கள். இதைக் கதையாக எழுதி, ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் 'இது யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்?' என்று குறியுங்கள். ஒரு கமக்காரருக்கு எவ்வளவு கொடுக்க இருக்கிறது என்பது அவருடைய கணக்குக்குத் தெரிய வேண்டும். ஒரு கொள்வனவின் தேறிய நிறை அந்தக் கொள்வனவுக்குத் தெரிய வேண்டும். ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது என்பது கழிவு விதிக்குத் தெரிய வேண்டும். பார்த்தீர்களா, 'கமக்காரர் கணக்கு', 'கொள்வனவு', 'கழிவு விதி' என்று மூன்று கிளாஸ் தானாக வந்து விட்டது. ஜன்னலுக்கும் பட்டனுக்கும் அந்தக் கதையில் இடமே இல்லை.

இனி உங்கள் தூண்களை இதற்குள் தேடுவோம். என்கப்சியூலேஷன் (தரவைக் கிளாஸுக்குள் வைத்து, குறித்த வழியால் மட்டும் தொட விடுவது) என்று பாடமாக்கியதை எடுங்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி எத்தனையோ பேர் விதைக்கிறார்கள். ஆனால் தன் வயல் காய்கிறது என்று யாரும் போய்க் கதவைத் திறப்பதில்லை. சிறுபோகத்துக்கு முன் கூட்டம் வைத்து, எத்தனை ஏக்கர், எப்போது தண்ணீர் என்று தீர்மானிப்பார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் அதற்குரியவர்களிடம் கேட்க வேண்டும். 'கமக்காரர் கணக்கு' என்ற கிளாஸில் உள்ள மீதித் தொகையும் அப்படித்தான். வெளியில் இருந்து எந்த ஜன்னலும் நேரே அந்த எண்ணை மாற்றக் கூடாது. 'முற்பணம் கொடு', 'கொள்வனவைச் சேர்', 'காசு கட்டு' என்று மூன்று மெதட் (கிளாஸிடம் கேட்டுச் செய்விக்கும் வேலைகள்) வைத்து, எல்லாரும் அந்த வழியால்தான் வர வேண்டும். மறைத்து வைப்பதற்காக இதைச் செய்வதில்லை. மீதி எப்போதாவது பிழைத்தால் தேட வேண்டிய இடம் மூன்றாகக் குறையும் என்பதற்காகவே செய்கிறோம். என் முந்நூறு வரிக்குள் அது எங்கே பிழைத்தது என்று தேடிய ஆள் சொல்கிறேன்.

மரபுரிமையில்தான் எல்லாரும் சறுக்குவார்கள். இரண்டாம் முறை எழுதும்போது நானும் பெரிய கெட்டித்தனமாக 'நெல்' என்று ஒரு கிளாஸ் வைத்து, அதன் கீழே 'சம்பா', 'நாடு', 'ஆட்டக்காரி', 'மொட்டைக்கறுப்பன்' என்று ஒவ்வொன்றையும் கிளாஸாகப் பெற்றெடுத்தேன். பார்க்க அழகு. ஒரு மாதத்தில் முதலாளி புது இனம் ஒன்று வாங்கத் தொடங்கினார். ஒரு நெல்லினம் சேர்க்க நான் கோட் மாற்றி, திரும்பப் போய் நிறுவ வேண்டி வந்தது. ஏன்? அந்த இனங்களுக்குள் வேறுபட்டவை பெயரும் விலையும் மட்டும். நடத்தை ஒன்றுதான். நடத்தை வேறுபடாவிட்டால் கிளாஸ் வேண்டாம், தரவுத்தளத்தில் ஒரு வரி போதும். 'இது அதன் ஒரு வகை' என்று நாக்கில் வந்தாலும் உடனே மரபுரிமை போடாதீர்கள். முதலில் 'இவை ஒரே கேள்விக்கு வேறு வேறு விதமாகப் பதில் சொல்கின்றனவா?' என்று கேளுங்கள்.

அப்படி வேறு விதமாகப் பதில் சொல்கிற ஒன்று அதே ஆலையில் இருந்தது. அதுதான் கழிவு விதி. நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்கிற ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள். ஒருவர் 17 சதவீத ஈரத்தோடு 1000 கிலோ கொண்டு வருகிறார் என்று வையுங்கள். முதலாளியின் பழைய வழக்கம், 14ஐத் தாண்டுகிற ஒவ்வொரு சதவீதத்துக்கும் நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கழிப்பது. அந்தக் கணக்கில் 30 கிலோ போய் 970 மிஞ்சும். நெல்லு உண்மையில் காய்ந்து 14க்கு வந்தால் என்ன நிறை இருக்கும் என்று பார்ப்பது வேறு வழி. நீர் இல்லாத பகுதி 830 கிலோ. அது 86 சதவீதமாக இருக்க வேண்டும். 830ஐ 0.86ஆல் பிரித்தால் ஏறத்தாழ 965.1 கிலோ. இரண்டுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 5 கிலோ. கிலோ 100 ரூபா என்று பேச்சுக்கு வைத்தால் 490 ரூபா அளவில் வரும். ஒரு ஆளுக்கு அது சின்னக் காசு, ஒரு போகத்துக்கு அது சின்னக் காசு இல்லை.

இங்கேதான் பல்லுருவம் (ஒரே கேள்விக்கு வேறு வேறு கிளாஸ் வேறு வேறு பதில் சொல்வது) என்று பாடமாக்கியது உயிர் பெறுகிறது. 'கழிவு விதி' என்று ஒரு இன்டர்ஃபேஸ், அதாவது கேள்வியை மட்டும் சொல்லி, பதிலைக் கிளாஸ்களிடம் விடும் ஒப்பந்தம். அது கேட்கும் கேள்வி ஒன்று: இந்த நிறைக்கும் இந்த ஈரத்துக்கும் தேறிய நிறை என்ன? 'வழக்கமான கழிவு' என்ற கிளாஸ் 970 என்று சொல்லும். 'உலர்நிறைக் கழிவு' என்ற கிளாஸ் 965.1 என்று சொல்லும். 'கொள்வனவு' எந்த விதி தன்னிடம் தரப்பட்டதோ அதைக் கேட்கும், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காது. அடுத்த போகம் முதலாளி மூன்றாவது விதி சொன்னால் புதுக் கிளாஸ் ஒன்று எழுதிச் செருகினால் சரி, பழையதில் கை வைக்கத் தேவையில்லை. கொள்வனவு ஜன்னல், ரசீது, மாத அறிக்கை மூன்றும் ஒரே ஒப்ஜெக்டைத்தான் கேட்கின்றன. கணக்குப்பிள்ளை ஐயாவுக்கும் நிம்மதி. நாலாவது தூணான அருவமாக்கலுக்கு (தேவையில்லாத விவரங்களை விட்டு, வேண்டியதை மட்டும் எடுப்பது) தனிப் பாடம் வைக்கப் போவதில்லை. இவ்வளவு நேரமும் நாங்கள் செய்தது அதுதான்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் காசு சம்பந்தப்பட்டது. பைதனில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள். 0.30000000000000004 என்று வரும். கணினி இரும எண்ணில் பின்னங்களைச் சேமிப்பதால் வரும் விளைவு அது, பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் காசுக் கணக்குக்கு அதை விடக் கூடாது. பைதனிலும் சி ஷார்ப்பிலும் டெசிமல், ஜாவாவில் பிக் டெசிமல் என்ற வகையைப் பாவியுங்கள்.

கிளாஸுக்குப் பெயர் வைக்க ஆங்கிலம் தேடித் திணறினால், தமிழிலேயே வையுங்கள். பைதன், ஜாவா, சி ஷார்ப் மூன்றும் மாறிகளுக்கும் கிளாஸ்களுக்கும் தமிழ் எழுத்தில் பெயர் வைக்க விடும். மொழியின் சொந்தச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். நிறுவனங்களில் அப்படி எழுத மாட்டார்கள், அது வேறு கதை. பழகுகிற காலத்தில் 'தேறியநிறை' என்று எழுதிப் பாருங்கள், எது யாருடைய வேலை என்பது பளிச்சென்று தெரியும்.

சரி, இனி முகங்களுக்கு வருவோம். முதலில் முகமே வேண்டாம். கறுப்புத் திரையில் எண்களைத் தட்டி விடை பார்க்கிற அளவில் உங்கள் கிளாஸ்கள் வேலை செய்யட்டும். 1000 கிலோ, 17 சதவீதம் கொடுத்தால் 970 வருகிறதா என்று பார்க்கிற சின்னச் சோதனைகளையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். அதற்குப் பிறகு டெஸ்க்டொப் ஜன்னல். பைதன் என்றால் விண்டோஸில் நிறுவும்போதே ஜன்னல் செய்ய உதவும் டிகிண்டர் கூட வரும். பட்டனுக்குள் மூன்று நாலு வரிக்கு மேல் வந்தால் சந்தேகப்படுங்கள். பெட்டிகளில் உள்ளதை வாசி, 'கொள்வனவு'க்குக் கொடு, விடையைக் காட்டு. அவ்வளவுதான் அங்கே இருக்க வேண்டும். சேமிக்க எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தளம் போதும், ஒரே கோப்பு, சேர்வர் தேவையில்லை.

அதே கிளாஸ்களை மாற்றாமல் வெப்புக்குக் கொண்டு போகும்போது ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். டெஸ்க்டொப்பில் ஜன்னல் திறந்திருக்கும் வரை உங்கள் ஒப்ஜெக்ட் உயிரோடு இருக்கும். காலையில் திறந்த 'கமக்காரர் கணக்கு' மத்தியானமும் நினைவில் இருக்கும். வெப்பில் அப்படி இல்லை. உலாவி ஒரு கோரிக்கை அனுப்பும், சேர்வர் தரவுத்தளத்தில் இருந்து வாசித்து ஒப்ஜெக்டை உருவாக்கும், பதில் சொல்லும், அதோடு அந்த ஒப்ஜெக்டின் ஆயுள் முடிந்தது. அடுத்த சொடுக்குக்கு மீண்டும் முதலில் இருந்து. "நான் போட்ட பெறுமதி எங்கே போனது?" என்று புதிதாக வருகிற எல்லாரும் கேட்பார்கள். நானும் கேட்டேன்.

அதைவிடப் பெரியது, ஒரே நேரத்தில் பலர் வருவது. ஒரு கமக்காரரின் முற்பணம் 20,000. ஆலையில் ஒருவர் 5,000 கூட்டுகிறார், அதே கணத்தில் முதலாளி கொழும்பில் இருந்து 10,000 கூட்டுகிறார். இரண்டு கோரிக்கையும் 20,000 என்று வாசித்தன. ஒன்று 25,000 என்று எழுதும், பிந்தியது 30,000 என்று அதன் மேல் எழுதும். 35,000 இருக்க வேண்டிய இடத்தில் 5,000 காணாமல் போய்விட்டது. ஒற்றைக் கணினி மென்பொருளில் இது அநேகமாகக் கண்ணில் படாது. இதற்குத் தரவுத்தளத்தின் டிரான்சாக்ஷனும் (பல படிகளை ஒன்றாக முடிப்பது, முடியாவிட்டால் ஒன்றையும் செய்யாமல் விடுவது) பூட்டும் (ஒருவர் எழுதும்போது மற்றவரைக் காக்க வைப்பது) பழக வேண்டும். கிளாஸ் எவ்வளவு அழகாக எழுதினாலும் தரவுத்தளத்தோடு பேசும் எஸ்கியூஎல் மொழி படிக்காமல் தப்ப முடியாது. இதை யாரும் முதலில் சொல்வதில்லை.

இப்போது மொழி. முதல் இரண்டு மாதத்துக்குப் பைதனை விட்டு நகர வேண்டாம். ஏற்கெனவே தெரிந்ததை வைத்துப் புதிய எண்ணம் ஒன்றைப் பழகுவது சுகம். டெஸ்க்டொப்புக்கு டிகிண்டர், வெப்புக்கு ஃபிளாஸ்க் என்ற பைதன் கருவி. அதன் பிறகு சி ஷார்ப்புக்கு வாருங்கள் என்பதுதான் என் சொந்த அபிப்பிராயம். பைதனில் ஒரு மாறியைத் தொடாதே என்று சொல்ல முன்னால் கீழ்க்கோடு போடுவது வெறும் வழக்கம்தான், யாரும் தொடலாம். சி ஷார்ப்பில் பிரைவேட் என்று எழுதினால் கொம்பைலர் (கோட்டை ஓடக் கூடிய வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) தொட விடாது. இன்டர்ஃபேஸில் சொன்ன மெதட் ஒன்றை எழுத மறந்தாலும் ஓட முன்னரே பிடிக்கும். பழகுகிறவருக்கு அந்தக் கண்டிப்பு நல்லது. எங்கள் பக்கக் கடைகளில் அநேகமாக விண்டோஸ்தான். அதில் ஜன்னல் செய்ய விண்டோஸ் ஃபோர்ம்ஸ், வெப்புக்கு ஏஎஸ்பி டொட்நெட் கோர், இரண்டும் ஒரே சி ஷார்ப் மொழியில். அந்த வெப் பகுதி லினக்ஸ் சேர்வரிலும் ஓடும். ஜன்னல் பகுதி விண்டோஸில் மட்டும்.

ஜாவா பிழையான தெரிவு இல்லை. பல்கலைக்கழகத்தில் ஜாவாதான் படிப்பிக்கிறார்கள் என்றால் ஜாவாவே போங்கள். 1995இல் வந்த ஜாவாவும் 2002இல் வெளியான சி ஷார்ப்பும் அக்கா தங்கை மாதிரி. ஒன்றில் ஆறு மாதம் பழகியவர் மற்றதை ஒரு மாதத்தில் வாசிப்பார். பழைய ஆசிரியர்கள் டர்போ பாஸ்கல் பற்றிக் கதைத்திருப்பார்களே, அதைச் செய்த அண்டர்ஸ் ஹைல்ஸ்பெர்க்தான் பிறகு டெல்ஃபையும் சி ஷார்ப்பும் வடிவமைத்தவர்.

4 ஜிபி ராம் பற்றி: சி ஷார்ப் எழுதப் பாவிக்கும் விசுவல் ஸ்டூடியோ 2022 கேட்கும் குறைந்த அளவே அதுதான். ஓடும், ஆனால் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். பைதன் காலத்தில் கோட் எழுதுகிற இலேசான மென்பொருளான விஎஸ் கோட் போதும். சி ஷார்ப்பிலும் வெப் பகுதியை விஎஸ் கோட்டில் எழுதலாம். விண்டோஸ் ஃபோர்ம்ஸ் ஜன்னலை இழுத்து வரைகிற வசதி மட்டும் அதில் இல்லை. கையில் காசு வந்தால் முதலில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி போடுங்கள், பிறகு ராம் கூட்டுங்கள். பெரிய தரவிறக்கங்களை இரவு டேட்டாவில் வையுங்கள்.

படிக்கிற இடம் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பல்கலைக்கழக அனுமதி கிடைத்தால் பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் வரை அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகம். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் உண்டு. கையால் வேலை பழக விரும்புகிறவர்கள் நிறுவகத்தைப் பாருங்கள். வீட்டில் இருந்தே படிக்க, கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பி.ஐ.டி. (தகவல் தொழில்நுட்பம்) வெளிவாரிப் பட்டம் ஒரு வழி. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகப் பைதனும் வெப்பும் படிப்பிக்கிறது, சான்றிதழும் தருகிறது. பாடம் ஆங்கிலத்தில் இருக்கும், அதற்குப் பயந்து நிற்க வேண்டாம். நூறு சொல்லுக்குள் திரும்பத் திரும்ப வருகிற ஆங்கிலம்தான்.

எவ்வளவு காலம் என்றால், நாளைக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தால் ஆறு ஏழு மாதத்தில் ஒரு சின்னக் கடைக்கு வேலை செய்கிற ஒன்றைக் கொடுக்கலாம். ஆலை உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் பக்கத்துக் கடையின் கடன் கொப்பியை எடுங்கள், பால் சேகரிக்கிற இடத்தின் கணக்கை எடுங்கள். நீங்கள் நேரே போய்ப் பார்க்கக் கூடியதாக இருந்தால் சரி.

இந்தக் கிழமை கொப்பியில் கதையை மட்டும் எழுதுங்கள். அப்புறம் கிட் (கோட்டில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவி) பழகி, ஒவ்வொரு நாள் வேலையையும் இணையத்தில் ஏற்றி விடுங்கள். கரண்ட் போய் வந்த ஒரு இரவில் என் ஹார்ட் டிஸ்க் போனது, அதோடு மூன்று மாத வேலையும் போனது. கொப்பியைப் படம் எடுத்து அனுப்பினால் எந்தப் பெயர் கிளாஸாக வேண்டும், எது வெறும் வரியாக இருக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.